சுவரோரம் கண் மூடியவர்கள்

உருக்கிய கந்தகத்தைத் துப்பாக்கிக் குழலின் பின்வாய்க்குள் ஊற்றிவிட்டு, இம்ரான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் என் கணவரும் மேசைக்கு இந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். செகந்திராபாத்தில் ஒரு சந்துக்குள் இருந்த அவருடைய துப்பாக்கிக் கடை. வெளியே ஆட்டோக்களும் பழவண்டிகளும் இரைந்துகொண்டிருந்த நடுப்பகல். கிறிஸ்மஸுக்கு இன்னும் சில நாட்கள்தான். வீட்டில் கேக்குக்கு ஊறவைத்த திராட்சை கிடக்க, நான் இங்கே நரகத்தின் வாசனையை முகர்ந்துகொண்டிருந்தேன்.

கந்தகம் ஆறியதும் குழலின் முன்பக்கமாக ஒரு கம்பியை விட்டு மெல்லத் தட்டினார். அச்சிலிருந்து குல்ஃபி கழன்று வருவதுபோல மஞ்சளாக ஒரு துண்டு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அடி தடிமனாக, தோள் சரிந்து, கழுத்து மெலிந்து, ஒரு தோட்டாவின் உருவம். எங்கள் வீட்டில் இத்தனை வருடம் இருந்த அந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் இருட்டு என்ன வடிவத்தில் இருந்ததோ, அது இப்போது வெளிச்சத்தில் கிடந்தது. எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

இம்ரான் அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சார், இது நாற்பத்து நாலு இல்லை" என்றார்.

இம்ரான் எம்.பி.ஏ. படித்தவர். அப்பாவின் துப்பாக்கிக் கடையை வேறு வழியில்லாமல் எடுத்து நடத்துகிறவர். முந்தின வாரம் சுத்தம் பண்ணக் கொடுத்தபோது இதே துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் 'நாற்பத்து நாலு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்' என்றவரும் அவர்தான். அவர் பேசுவது தக்கனி உருது. முடிந்தவரை தமிழாக்கித் தருகிறேன்.

எங்கள் லைசென்ஸிலும் தோட்டா அளவு நாற்பத்து நாலு என்றுதான் இருந்தது. குழலில் பொறித்திருந்த எண்ணும் கம்பெனிப் பெயரும் தேய்ந்து எந்தக் காலத்திலோ மறைந்துவிட்டன. உண்மையான அளவு தெரிந்தால்தான் காகிதத்தைத் திருத்த முடியும், காகிதம் திருந்தினால்தான் முறைப்படி புதுத் தோட்டா செய்து வாங்க முடியும் என்று இம்ரான் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்தக் கந்தகச் சமையல்.

புதுத் தோட்டா என் கணவரின் ஆசை. "பேத்தி பிறந்திருக்கா. அப்பாவோட துப்பாக்கி ஒரு தடவையாவது வாயைத் தொறந்து பேசட்டும் ஜெயா" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ அது வீட்டை விட்டுத் தொலைய வேண்டும். அதுவும் இந்தக் கிறிஸ்மஸுக்குள் தொலைய வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

யார் வீட்டுப் பிள்ளை?

எங்கள் உப்பல் வீட்டுக் கூடத்துக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் சுவரோரம் நிற்பார். எல்லோரும் கண்ணை இறுக மூடியிருப்பார்கள்.

அது என் மாமனார் தொடங்கிவைத்த விளையாட்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியன் ஃபோர்மேன், போகும்போது தன் துப்பாக்கியை மாமா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். விசைக்கு அடியில் வளையம் மாதிரி ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டா வெளியே குதிக்கும், புதியது உள்ளே போகும்.

குடும்பத்துக்குள் யார் புதிதாக வந்தாலும் அந்த வருடக் கிறிஸ்மஸ் சாப்பாடு முடிந்ததும் சுவரோரம் நிற்க வேண்டும். மருமகள், மருமகன், கைக்குழந்தை என்று யாருக்கும் விலக்குக் கிடையாது. மாமா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று துப்பாக்கியைக் குறிபார்ப்பார். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று அதட்டுவார். "உங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்ல வேண்டும்; கைக்குழந்தை என்றால் தூக்கிக்கொண்டு நிற்கிற தாய் சொல்வாள். சொன்ன நொடியில் விசையை இழுப்பார். 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடாதவர்கள் கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒருவர் படம் எடுப்பார். அவ்வளவுதான் விளையாட்டு.

நானும் நின்றிருக்கிறேன். கல்யாணமான வருடம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. எதிரே அந்தக் குழலின் வாய், ஒரு கறுப்பு வட்டம். கூடம் முழுக்க எண்ணெய் வாசனையும் கேக் வாசனையும் கலந்து அடித்தது. "உங்க வீட்டுப் பிள்ளை" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

'டக்.'

எல்லோரும் கைதட்டினார்கள். மாமா கேக் துண்டு ஒன்றை என் வாயில் ஊட்டி, "பயந்துட்டியாம்மா? சும்மா காலிதாம்மா" என்றார். நான் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

அந்தப் படங்களை நான் உற்றுப் பார்ப்பதே இல்லை. எங்கள் ஆட்கள் சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள், தெரியுமல்லவா? அதில் பெட்டிக்குள் இருப்பவரின் முகம் மாதிரியே இவர்கள் எல்லோருடைய முகமும் இருக்கும். என் முகமும்தான்.

மாமா போன பிறகு துப்பாக்கி என் கணவர் கைக்கு வந்தது. விளையாட்டும் வந்தது. ரயில்வேயில் இன்ஜினீயராக எத்தனையோ பேரை வேலை வாங்கியவர், இதில் மட்டும் அப்பா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். சென்னை மருமகன் நின்றான். என் மகள் பெற்ற பிள்ளைகள் நின்றார்கள். எங்கள் மகன் பிரவீனுக்கு வாழ்க்கைப்பட்ட ஸ்ரவ்யா போன கிறிஸ்மஸில் நின்றாள். தெலுங்குப் பெண், கச்சிபௌலியில் ஐ.டி. வேலை. 'உங்க வீட்டுப் பிள்ளை' என்பதை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த வருடம் அவளுடைய குழந்தை ஹன்னா நிற்க வேண்டும். கழுத்து இப்போதுதான் நின்றிருக்கிற பிஞ்சு. அதன் முன்னால் அந்தக் கறுப்பு வட்டத்தை நீட்ட நான் விடுவதாக இல்லை.

என் அடுப்பில் ஈயம்

மாமா தோட்டாவைக் கடையில் வாங்கியதில்லை. அவரே செய்துகொள்வார். இதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்கமாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் சமையலை முடித்து அடுப்பை அணைப்பதற்குள் வந்து நிற்பார். கையில் ஒரு இரும்புக் கரண்டி, அதில் ஈயம். அது உருகி வெள்ளிமாதிரி பளபளக்கிறவரை நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பேன். "இந்த அடுப்புலதான மாமா நாளைக்குப் பாலும் காய்ச்சணும்?" என்று கேட்டால், "வேற கரண்டிதான்மா" என்பார். வாதாடவே முடியாது.

யாரோ சுட்டுப்போட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வைத்திருப்பார். அதன் கழுத்தை ஒர்க்‌ஷாப்பில் கடைந்து கொண்டுவந்த ஒரு அச்சுக்குள் விட்டு நெருக்குவார். அடியில் புதுக் கேப் பதிப்பார். கேப் என்றால் பொட்டு மாதிரி ஒரு சின்னச் செம்புத் தகடு. துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அதில் அடித்தால் பொறி பறக்கும், அது உள்ளே இருக்கும் கருமருந்தைப் பற்றவைக்கும். மருந்தைப் போட்டு மேலே ஈயக் குண்டை உட்காரவைத்தால் வேலை முடிந்தது.

அந்தக் கூடுகளின் அடியில் நாற்பத்து நாலு என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் லைசென்ஸிலும் எழுதியிருக்கிறார்கள். மாமாதான் நாற்பத்து நாலு கூட்டின் கழுத்தை நெருக்கி, இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்துகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறார் என்பது இம்ரான் கையில் இருந்த மஞ்சள் அச்சைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. மனிதர் சாகிறவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தோட்டாவோடு சேர்த்து ஒரு டம்மியும் செய்து வைத்திருந்தார். காலித் துப்பாக்கியில் விசையை இழுத்தால் ஊசி உடைந்துவிடுமாம். அதனால் விளையாட்டுக்கென்று மருந்தில்லாத தோட்டா ஒன்று. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். உள்ளே மரத்தூள். அடியில் கேப்புக்குப் பதிலாகத் தோல் துண்டு. அதைத் துப்பாக்கிக்குள் போட்டே வைத்திருப்பார். ஊசியை அடிக்கிற சுத்தியலுக்குக் குதிரை என்று பெயர்; கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்து விசையைத் தட்டினால், ஊசி தோலில் மோதி நிற்கும்.

'காலிதாம்மா' என்று அன்று என்னிடம் சொன்னதும் முழு உண்மை இல்லை. உள்ளே ஒன்று இருந்திருக்கிறது.

தேர்தல் வந்தால்

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தேர்தல் என்றால் ஓட்டு மட்டுமில்லை. தேதி அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் சட்டசபை, பார்லிமென்ட், மாநகராட்சி என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். என் கணவர் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோவார், கூட்டிக்கொண்டு வருவார்.

மாமா போன பிறகு வந்த முதல் தேர்தலில் ஸ்டேஷன் ரைட்டர் லீவரை இழுத்துப் பார்த்திருக்கிறார். டம்மி வெளியே வந்து விழுந்தது. தோட்டாவோடு கொண்டுவந்தாயா என்று ஒரே களேபரம். டம்மி என்று புரியவைப்பதற்குள் இவரைப் பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, ஸ்டேஷனுக்குப் போகுமுன் டம்மியை எடுத்துப் பரணில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போடுவது, திரும்பி வந்ததும் எடுத்து உள்ளே வைப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டார்.

அந்த டின்னில் மாமா கடைசியாகச் செய்த அசல் தோட்டாக்களும் இருந்தன. காகிதத்தில் ஏறாதவை. காட்டினால் வம்பு, தூக்கிப்போட மனசில்லை. அப்பாவின் கை பட்டது என்று வைத்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

கேப் கைக்கு?

இனி கடைக்குத் திரும்புவோம்.

இம்ரான் கந்தக அச்சை மேசையில் வைத்துவிட்டு, "பழைய தோட்டா ஏதாவது இருக்கா சார்? பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்" என்றார்.

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேன்ட் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். துப்பாக்கியைச் சுத்தம் பண்ணக் கொடுக்குமுன் வழக்கம்போல உள்ளிருந்து எடுத்து வைத்த டம்மி. "எங்க அப்பா செஞ்சது. டம்மி. உள்ள மரத்தூள்தான்" என்றார்.

அச்சும் தோட்டாவும் அருகருகே கிடந்தன. தோள், கழுத்து எல்லாம் ஒன்றுபோலவே. இம்ரான், "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டே தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தை விளக்கடியில் பிடித்தார். தலையாட்டல் நின்றது.

"டம்மி மே கேப் கைக்கு சார்?"

டம்மியில் கேப் எதற்கு என்கிறார். என் கணவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன். தோல் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் செம்புப் பொட்டு. அதன் நடுவில், அம்மைத் தழும்பு மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் குழிகள்.

"ஊசி பட்டிருக்கு. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆனா அழுத்திப் படலை" என்றார் இம்ரான். எழுந்துபோய் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். உள்ளே தார் மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. "போன வாரம் ஊசிக் குழாயிலிருந்து சுரண்டி எடுத்தது. பழைய எண்ணெய், இறுகிப்போயிருந்தது. இதுதான் ஊசியை முழுசா முன்னால போகவிடாமப் பிடிச்சிருக்கு."

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்போ ஃப்ரீ மேடம். புதுசு மாதிரி அடிக்கும்." பெருமையாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது அவர் முகமே மாறிவிட்டது.

நாங்கள் அன்று அந்தத் துப்பாக்கியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தோம். வீட்டுக்குப் போனதும் இவர் அந்தத் தோட்டாவை உள்ளே போட்டிருப்பார். அதற்கடுத்து வருவது கிறிஸ்மஸ். எதிர்ச்சுவரில் ஹன்னா.

நான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

இம்ரான் ஒரு கருவியில் வைத்துக் குண்டைக் கழற்றினார். காகிதத்தில் கவிழ்த்தார். மரத்தூள் விழவில்லை. கடுகைவிடப் பொடியாகக் கருமருந்து சரசரவென்று கொட்டியது.

"கேப் செத்துப்போயிருக்கும். இத்தனை அடி வாங்கியும் வெடிக்கலையே" என்றார் என் கணவர். அவர் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "செத்துத்தான் போயிருக்கும் ஜெயா. பாத்துக்கோ."

"பார்த்துடலாம் சார்" என்றார் இம்ரான். மருந்தும் குண்டும் இல்லாத அந்த வெறும் கூட்டைத் துப்பாக்கிக்குள் தள்ளினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குழலை மூலையில் இருந்த மணல் வாளிக்குள் இறக்கிப் பிடித்தார். காதைப் பொத்தச் சொன்னார். குதிரையைப் பின்னால் இழுத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கல்யாண வருடத்தில் மூடியதுபோலவே.

இந்த முறை வந்தது 'டக்' இல்லை. சாட்டையை ஓங்கி அடித்ததுபோல ஒரு வெடிப்பு. காது ரீங்கரித்தது. கண்ணைத் திறந்தபோது வாளிக்கு மேலே மெலிசாகப் புகை நின்றது. பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்த எலெக்‌ஷன்ல ஜெயா? எந்த எலெக்‌ஷன்ல நான் மாத்தி எடுத்து வச்சேன்?"

எனக்கு எப்படித் தெரியும்? பரணில், அரைகுறை வெளிச்சத்தில், டின்னுக்குள் கைவிட்டு, மேலே கிடந்ததை எடுத்திருக்கிறார். திருப்பிப் பார்க்கவில்லை. எந்த வருடமோ. அதற்குப் பிறகு சுவரோரம் நின்ற ஒவ்வொருவர் முன்னாலும் அசல் தோட்டாதான் இருந்திருக்கிறது. இறுகிப்போன ஒரு துளி எண்ணெய் அவர்களைக் காத்திருக்கிறது.

துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டோம். டின்னையும் மறுநாள் இவர் கொண்டுபோய் இம்ரானிடம் கொடுத்தார். அடியில் தோல் வைத்த அசல் டம்மி அதற்குள்தான் சமர்த்தாகக் கிடந்ததாம். பிறகு ஸ்டேஷனில் ஒப்படைத்து லைசென்ஸை ரத்து செய்ததில் இவர் பட்ட பாட்டைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றார். மாமா எடுக்கவைத்த படங்களைத் தாண்டி, தான் எடுக்கவைத்த படங்களின் முன்னால் நகர்ந்து நகர்ந்து நின்றார். மருமகன். பேரப்பிள்ளைகள். ஸ்ரவ்யா. இவர்களில் யாரிடமிருந்து ஆரம்பம் என்று அந்த முகங்களிடமே கேட்பதுபோல இருந்தது. கண் மூடியவர்கள் என்ன சொல்வார்கள்?

கண் திறந்த படம்

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். சொன்னால் பிள்ளைகள் இந்த வீட்டு வாசலை மிதிப்பார்களா என்ற பயம். என் பிள்ளைகளுக்குத் தமிழில் பேசினால் புரியும், பதில் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும், படிக்க ஓர் எழுத்துத் தெரியாது. சென்னை மருமகன் தமிழ்ப் பத்திரிகையைத் தொடுகிறவனில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸ் அன்று கொண்டாப்பூரிலிருந்து பிரவீனும் ஸ்ரவ்யாவும் குழந்தையோடு வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பிரவீன் கேட்டான்; அவனும் ஸ்ரவ்யாவும் பேசியதையும் முடிந்தவரை தமிழாக்கித் தருகிறேன். "கன் எங்க டாடி?"

"போலீஸ்ல குடுத்தாச்சுல. நக்கோ, வேணாம் இனிமே."

"கைக்கு?"

"வயசாயிட்டுல எனக்கு. கை நடுங்குது" என்றார்.

ஆனால் வழக்கத்தை விட ஸ்ரவ்யாவுக்கு மனமில்லை. ஹன்னாவைத் தூக்கிக்கொண்டு தானாகவே சுவரோரம் போய் நின்றாள். "மாமய்யா, கன் இல்லாட்டி என்ன, நீங்க கேளுங்க" என்றாள்.

என் கணவர் எதிர்ச்சுவரில் வெறுங்கையோடு நின்றார். "யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். ஸ்ரவ்யாதான் பதில் சொன்னாள். குழந்தை அவரையே பார்த்தது. பிரவீன் ஃபோனில் படம் எடுத்தான். எங்கள் சுவரில் இருக்கிற படங்களில் கண் திறந்திருக்கும் படம் அது ஒன்றுதான்.

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஸ்ரவ்யா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தய்யா, இவ போன கிறிஸ்மஸ்லயே இங்க நின்னா தெரியுமா? அப்போ எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் கிட்ட போய்ட்டு வந்து சர்ப்ரைஸா சொல்லலாம்னு சும்மா இருந்தேன்."

அவளுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, போன வருடப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியிருக்கிறாள். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கிறது. பிரியாணி கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று ஒரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுகர் இறங்கிவிட்டது என்று பிரவீன் ஓடிப்போய் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து ஊட்டினான். அதை மென்றுகொண்டே அவர் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டவே இல்லை.